தனியாளுக்கு ஒரு கட்டில்

"74 வயசுல ஹாஸ்டல்ல போய்த் தங்குனீங்களாமே?" என்று காலை நடை நண்பர்கள் கேட்கிறார்கள். ஆமாம், தங்கினேன். சென்ற மே மாதம், கத்திரி வெயிலில், பாண்டிச்சேரியில், மூன்று இரவு. அவர்களில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "வீட்ல ஏதும் பிரச்சினையா சார்?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நலம். யாரும் என்னை விரட்டவில்லை. ஹாஸ்டல் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது கல்லூரி விடுதியும் சாம்பார் வாளியும் வார்டனும்தான். நான் சொல்வது வேறு. அதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இடம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஓர் அறையில் எட்டுக் கட்டில், ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாக. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, ஒரு சின்ன விளக்கு, போன் சார்ஜ் போட ஒரு பிளக், சாமான் வைக்க ஒரு பெட்டி. பூட்டு நம்முடையது. குளியலறை பொது. இரவு ஒன்பது மணிக்கு ஏ.சி. போடுவார்கள், காலை ஒன்பதுக்கு நிறுத்திவிடுவார்கள். கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய், வரி 12 சதவீதம், 72 ரூபாய். ஆக 672. கடற்கரைக்குப் பொடிநடையாகப் பத்து நிமிடம். நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் இப்படிப்பட்ட கூடத்துக்கு ‘தோர்த்வார்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது கோவா, வர்க்கலா, கோகர்ணா என்று வெயிலும் கடலும் சேர்ந்த ஊர்களிலெல்லாம் இந்த மாதிரி இடங்கள் வந்துவிட்டன. பையன்கள் முதுகில் மூட்டையோடு வருகிறார்கள், படுக்கிறார்கள், போகிறார்கள்.

நான் அங்கே போய்ப் படுத்ததற்குக் காரணம் ஆசை அல்ல. பிறந்தது பாண்டிச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது நான் நடை பழகும் குழந்தை. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் கைமாறியபோது பள்ளிக்கூடத்துப் பையன். படித்தது பிரெஞ்சில், கோப்பு எழுதியது ஆங்கிலத்தில், சண்டை போட்டது எல்லாம் தமிழில். 1973-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராக மதுரைக்கு வந்தவன், இங்கேயே வேர்விட்டுவிட்டேன். ஊரில் இருந்த வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க முடியாமல் விற்றோம். மாமா பேத்திக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் இப்போது இரண்டு அறை பிளாட்டில் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் போய் ‘எனக்கு எங்கே பாய் போடுவீர்கள்’ என்று நிற்கும் காலம் போய்விட்டது. அந்தக் காலத்தில் வாசலில் தாழ்வாரம் உண்டு, அதை ஒட்டித் திண்ணை உண்டு. தெருவில் போகிறவன் வெயிலுக்கு ஒதுங்கவே அப்படிக் கட்டினார்கள். முன்பின் தெரியாதவன் படுத்திருந்தால்கூட எழுப்பிக் கேட்க மாட்டார்கள். காலையில் அவனுக்கும் சேர்த்துக் காப்பி போகும்.

கடலோரம் வெள்ளைக்காரர் தெருக்களில் பழைய வீடுகளை அழகாகப் புதுப்பித்து ஓட்டலாக்கி இருக்கிறார்கள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஒன்றில் வாடகை கேட்டேன். ஓர் இரவுக்கு எட்டாயிரம். நான் வேலையில் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய், வருடத்துக்கு 3,120. இரண்டரை வருடம் கோப்புக்கு நூல் கட்டினால் ஓர் இரவு தூங்கலாம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பஸ் நிலையப் பக்கம் சாதாரண லாட்ஜ்களில் ஏறி இறங்கினேன். இங்கேதான் விஷயம். முதல் லாட்ஜில் கேட்ட முதல் கேள்வி: "கூட யாரு சார்?" யாருமில்லை என்றேன். "சிங்கிளுக்கு ரூம் இல்லையே சார்." இரண்டாவது லாட்ஜிலும் அதே வார்த்தை. மூன்றாவதில் இருந்தவர் கொஞ்சம் இரக்கப்பட்டவர். "பெரியவரே, தப்பா நினைச்சுக்காதீங்க. தனியா வர்றவங்களுக்கு ஓனர் குடுக்க வேணாம்னுட்டார்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

தனியாக வருகிறவன் உயிரை மாய்த்துக்கொள்ள வந்திருப்பானோ என்ற பயம். பாண்டிச்சேரியில் மட்டுமல்ல, ராமேஸ்வரத்திலும் மற்றக் கோயில் ஊர், கடற்கரை ஊர்களிலும் இது எழுதப்படாத சட்டம். லாட்ஜ்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் போலீஸ், விசாரணை, பத்திரிகைச் செய்தி, அந்த அறையை மூன்று மாதம் பூட்டி வைப்பது என்று அவர் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். ஆனால் எதிர்ப்பக்கமும் யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் தனியாகப் பயணம் போகிறவர்கள் யார்? மனைவியை இழந்தவன், புருஷனை இழந்தவள், பரீட்சை எழுதப் போகும் பிள்ளை, இன்டர்வியூவுக்குப் போகும் பெண், மருந்துக் கம்பெனி விற்பனையாளர், ஆஸ்பத்திரியில் உறவுக்காரரைச் சேர்த்துவிட்டு வெளியே நிற்கிறவர். படுக்க இடம் மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பார்த்துத்தான் ‘இல்லை’ என்கிறோம். என் மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நான் தனியாக எங்கும் தங்கியதில்லை. அலுவலக வேலையாகப் போனால்கூட ஒரு சகா உடன் வருவார். ஆகவே இந்தக் கேள்வியை நான் 70 வயதுவரை கேட்டதே இல்லை.

எட்டுக் கட்டில் அறையில் இந்தப் பயம் யாருக்கும் இல்லை. சுற்றிலும் ஏழு பேர் குறட்டை விடும் இடத்தில் ஒருவனைப் பற்றி நிர்வாகம் கவலைப்பட வேண்டியதில்லை. தனியாளாக வருவதுதான் அங்கே வழக்கம். ஜோடியாக வருகிறவன்தான் விசேஷம். "எத்தனை பேர்?" என்று ரிசப்ஷன் பெண் கேட்டு, "ஒண்ணு" என்றதும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டாள். அந்த அலட்சியம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகு அட்டையைப் பார்த்து, "மதுரையா? ஓ.கே. சார், உள்ளூர் ஐடின்னா குடுக்க மாட்டோம்" என்றாள். இது இன்னொரு எழுதப்படாத சட்டம். பல ஹாஸ்டல்களில் உள்ளூர் முகவரி உள்ளவருக்குக் கட்டில் கிடையாது. உள்ளூர்க்காரன் எதற்கு அறை எடுக்கிறான், குடிக்கவா, வேறு எதற்கா என்ற சந்தேகம். அரசாங்கம் அப்படி ஒரு சட்டம் போடவில்லை. இவர்களாக வைத்துக்கொண்ட விதி. ஊரைவிட்டு மதுரைக்குப் பிழைக்கப் போனதால் எனக்குப் பிறந்த ஊரில் கட்டில் கிடைத்தது. போகாமல் அங்கேயே இருந்து, வீட்டை விற்றிருந்தால் கிடைத்திருக்காது. இன்னோர் ஹாஸ்டலுக்கு முன்னதாகப் போன் செய்திருந்தேன். அங்கே 45 வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். ‘சின்னப் பசங்க வைப் கெட்டுடும் சார்’ என்று காரணமும் சொன்னார் அந்தப் பையன். வைப் என்றால் என்ன என்று பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் போனால் கெட்டுவிடும் பொருளாம்.

இளைஞர் விடுதி என்ற யோசனை பிறந்தது ஜெர்மனியில். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909-ல் பிள்ளைகளைக் கால்நடையாகச் சுற்றுலா அழைத்துப் போனபோது இடிமழையில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தாராம். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் படுத்தால் என்ன என்று அப்போது தோன்றியது. 1912-ல் ஆல்ட்டெனா என்ற ஊர்க் கோட்டையில் முதல் விடுதி நிரந்தரமாக வந்தது. பெயர்தான் இளைஞர் விடுதியே தவிர, இன்று பெரும்பாலான நாடுகளில் வயது கேட்பதில்லை. அந்த ஜெர்மனியிலேயே பவேரியா மாநிலத்தில் 26 வயதுக்கு மேல் கூடாது என்று நெடுங்காலம் விதி வைத்திருந்தார்கள். பிறகு அவர்களே எடுத்துவிட்டார்கள். நாம் அவர்கள் கைவிட்டதைப் புதிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நம்மிடம் இதைவிடப் பழைய சரக்கு இருக்கிறது. மதுரை ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காதவர் உண்டா? ராணி மங்கம்மாள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரனுக்காக ஆண்டவர். சாலை போட்டார், ஓரத்தில் மரம் வைத்தார், வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டினார். அந்தப் பக்கம் தஞ்சாவூரில் மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் வைத்திருந்தார்கள். இரண்டாம் சரபோஜி 1801-ல் கம்பெனி அதிகாரிக்கு எழுதிய ஒரு கடிதம் உண்டு. சத்திரங்களைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட கடிதம். அங்கே என்னவெல்லாம் நடக்கிறது என்று அதில் விவரித்திருக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, பக்கிரிகள் உட்பட, வருகிறவர் எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்கிறவருக்கு அரிசியாக. நோயாளி வந்தால் வைத்தியர். நடுராத்திரியில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்களாம். அந்த நடுராத்திரி மணியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் சத்திரங்களைப் பற்றி ஒரேயடியாகப் புகழ்ந்து பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். எல்லோருக்கும் சோறு என்றாலும் எல்லோருக்கும் ஒரே இடம் அல்ல. பின்னாளில் கட்டிய பல சத்திரங்கள் இன்ன சாதியாருக்கு என்று வாசலிலேயே எழுதி வைத்தவை. மற்றவன் குளத்தங்கரையில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஹாஸ்டலில் என் மேல் கட்டிலில் படுத்தவன் என்ன சாதி, கீழே படுத்த நான் என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர்கூட முதல் பாதிதான் கேட்டுக்கொள்கிறார்கள். சத்திரத்தின் மணியும் ஹாஸ்டலின் இந்தக் குணமும் ஒரே கட்டடத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். அதற்குப் பதிலாகச் சாதி கேட்ட இடத்தில் வயதையும் முகவரியையும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

அறைக்கு வருகிறேன். வெயிலைப் பற்றிச் சொல்லாமல் பாண்டிச்சேரியை எழுத முடியாது. மதுரை வெயில் அடிக்கும், பாண்டிச்சேரி வெயில் பிழியும். இங்கே வியர்வை உடனே காய்ந்துவிடும். அங்கே காற்றிலேயே ஈரம், வியர்வை காயாது, சட்டை முதுகில் ஒட்டும். பகலில் கடற்காற்று எப்போது வரும் என்று ஊரே காத்திருக்கும். மேல்காற்று பலமாக இருந்தால் அது கரை ஏறாது, அன்றைக்குத் தீர்ந்தது கதை. எங்கள் பழைய வீட்டில் உயரமான கூரை, நடுவில் முற்றம், மெட்ராஸ் டெரஸ் தளம். மே மாதத்திலும் கூடத்தில் பாயை விரித்தால் தூக்கம் வரும். இந்த ஹாஸ்டல் அப்படிப்பட்ட ஒரு பழைய வீட்டின் மேலே பிற்காலத்தில் எழுப்பிய மாடி. ஏ.சி.க்காக ஜன்னலைக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டார்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு ஒரு மணிவரை சூட்டைக் கக்குகிறது. மேல் கட்டிலில் படுக்கிறவன்தான் அதை வாங்கிக்கொள்கிறான். ஜன்னலைத் திறக்க வைத்து, தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஒரு நல்ல மின்விசிறி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும், கரண்ட் பில்லும் குறையும். பொறுப்பாளர் பையனிடம் சொன்னேன். குறித்துக்கொண்டான். என்னைச் சமாதானப்படுத்தக் குறித்துக்கொண்டானோ என்னவோ.

எனக்குக் கொடுத்தது மேல் கட்டில். ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே படுத்திருந்த கோயம்புத்தூர்ப் பையன் எதுவும் கேட்காமல் தன் மூட்டையைத் தூக்கி மேலே போட்டுவிட்டு, "நீங்க இங்க படுங்க தாத்தா" என்றான். ரயிலில் மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்குகிறார்கள். ஹாஸ்டல்காரர்களும் அறைக்கு இரண்டு கீழ்க்கட்டிலை அப்படி வைத்துவிடலாம். ஒரு பைசா செலவில்லை. எதிர்க் கட்டிலில் ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், 50 வயது இருக்கும். தம்பியை ஜிப்மரில் சேர்த்திருக்கிறார். அண்ணியும் தம்பி மனைவியும் முறை வைத்து ஆஸ்பத்திரியில் இருக்க, இவர் இரவில் வந்து படுத்துவிட்டுக் காலை ஐந்து மணிக்குப் போய்விடுவார். "லாட்ஜுல ஆயிரத்து ஐந்நூறு கேக்குறான்ணே. எத்தனை நாளு ஆகும்னு டாக்டருக்கே தெரியல" என்றார். கடற்கரைச் சுற்றுலாவுக்காகக் கட்டிய கட்டில்தான் அவரைத் தாங்கியது. இன்னொரு மூலையில் ஒரு பிரெஞ்சு மாணவன். அவன் மொழியில் நான் பேச்சுக் கொடுத்ததும் அரண்டுவிட்டான். அவன் பாட்டியின் பிரெஞ்சு மாதிரி இருக்கிறதாம். இருக்காதா, கற்றுக்கொண்டது 60 வருடத்துக்கு முன்னால் அல்லவா? அவன் மொழியில் விருந்தாளிக்கும் விருந்து கொடுக்கிறவருக்கும் ஒரே சொல்தான். யார் யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்ற குழப்பத்துக்கு அன்றிரவு அது மிகவும் பொருத்தமாக இருந்தது.

குறையும் உண்டு. எட்டுப் பேருக்கு இரண்டு குளியலறை போதாது. ஈரத் துண்டு உலர்த்த இடமில்லாமல் எல்லாம் கட்டில் கம்பியில் தொங்கி, அறையே வண்ணான் துறை மாதிரி நாறும். சனிக்கிழமை இரவு கேட்கவே வேண்டாம். மலிவான சரக்கு என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டி வண்டியாக வருகிற ஊர் அது. இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு பெட்டியைத் திறந்து மூடினான் ஒருவன். இதற்கெல்லாம் வயது வரம்பு வைத்துப் பயனில்லை. இரவு பத்தரைக்கு மேல் விளக்கும் சத்தமும் கூடாது என்று ஒரு விதி போட்டு, அதை நடத்திக் காட்டினால் போதும். அதே ஊரில் அரவிந்தர் ஆசிரமத்து விருந்தினர் இல்லங்களில் மதுவும் புகையும் கூடாது, இரவு கதவடைக்கும் நேரம் உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாடு பிடித்தவர்கள் அங்கே தேடிப் போய்த் தங்குகிறார்கள்.

இனி காசு விஷயம். குமாஸ்தாவாக இருந்தவன் கணக்கு பார்க்காமல் விட மாட்டான்.

2022 ஜூலை 18 வரை, நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அன்று முதல் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதை 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். 7,500 ரூபாய் வரை எல்லாவற்றுக்கும் இதே 5. குறைத்ததற்கு நன்றி. ஆனால் 600 ரூபாய்க் கட்டிலுக்கும் 7,000 ரூபாய் அறைக்கும் ஒரே வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2024-ல் மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாள் தங்குகிறவர்களுக்கு விடுதி வரி விலக்கு கொடுத்தார்கள். மூன்று மாதம் தங்குகிறவனுக்கு விலக்கு, மூன்று நாள் தங்குகிறவனுக்கு இல்லை. ராமநாதபுரத்துக்காரர் தன் தம்பியின் நோய் 90 நாளைக்கு நீடிக்க வேண்டும் என்றா வேண்டிக்கொள்வார்? ஆயிரம் ரூபாய்க்குள் இருப்பதைப் பழையபடி விட்டுவிடலாம்.

இன்னொன்று, பயணப்படி பில் பாஸ் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-ல் வந்த உத்தரவின்படி, ஐந்தாம் நிலை வரை உள்ள மத்திய அரசு ஊழியர் வேலையாக வெளியூர் போனால் ஓட்டல் செலவுக்கு நாளொன்றுக்கு 450 ரூபாய். ஆறு முதல் எட்டாம் நிலை வரை 750. அகவிலைப்படி 50 சதவீதம் கூடினால் இது 25 சதவீதம் கூடும், அவ்வளவுதான். அரசாங்கமே தன் குமாஸ்தா எங்கே படுப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறது என்றால், அந்தக் கணக்கில் வருவது இந்த மாதிரி பொதுக் கூடத்துக் கட்டில் மட்டும்தான். அப்படியானால் அந்தக் கட்டில் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறதா என்று பார்க்கும் கடமையும் அதற்கு உண்டு.

பிரெஞ்சு வகுப்பில் எங்கள் வாத்தியார் 1936-ஆம் வருடக் கதையை அடிக்கடி சொல்வார். அந்த வருடம்தான் பிரான்சில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. லெயோ லக்ராஞ்ச் என்ற இளம் அமைச்சர், விடுமுறை கொடுத்தால் மட்டும் போதுமா, போய்வர வழி வேண்டாமா என்று ரயில் டிக்கெட்டில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார், இளைஞர் விடுதிகளுக்கும் ஆதரவு கொடுத்தார். ஆலையிலும் சுரங்கத்திலும் கிடந்த எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கோடையில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தன. நம் ரயிலிலும் 60 கடந்த ஆண்களுக்கு அதே 40 சதவீதச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள், இன்னும் திரும்பவில்லை.

மதுரைக்காரர்களுக்குக் கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர். ஆனால் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வேன் பிடித்துப் போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி கிளம்பி, விடிகாலையில் இறங்கி, குளித்து, கும்பிட்டு, மத்தியானமே திரும்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் வேனுக்குள்ளேயோ சாலையோரத்தில் பெட்ஷீட் விரித்தோ ஓர் இரவு. ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். பெண்கள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், மே மாத வெயிலில். எங்கள் தெருவில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கும் அம்மா இதை ஒரு சாதாரணத் தகவல் மாதிரி என்னிடம் சொன்னார். பெண்களுக்கென்று ஒரு தனிக் கூடம், பத்துக் கட்டில், நான்கு கழிப்பறை, பூட்டு உள்ள ஒரு பெட்டி. இதற்கு என்ன பெரிய மூலதனம் வேண்டும்?

அரசாங்கத்துக்கு இது தெரியாத வித்தை அல்ல. பாண்டிச்சேரியில் சோலை நகரில் கடலுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசு கட்டிய இளைஞர் விடுதி இருக்கிறது. உழைக்கும் பெண்களுக்குத் தமிழக அரசு ‘தோழி’ விடுதிகளை நன்றாகவே நடத்துகிறது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸில் கூட்டமாகப் படுக்கும் கூடமும் உண்டு. செய்யத் தெரிந்ததைக் கடற்கரை ஊர்களில், தனியாளுக்கும் கொடுப்போம் என்று ஒரு வரி சேர்த்துச் செய்ய வேண்டும். தனியார் ஹாஸ்டல்காரர்களிடம் நான் கேட்பது அதைவிடக் குறைவு. வயதையும் ஊரையும் கேட்காதீர்கள். என்ன வாடகை, என்ன விதி என்று வாசலில் தமிழிலும் எழுதி மாட்டுங்கள். 1867-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சராய் சட்டத்திலேயே கட்டணப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி, அதிகாரி சொல்லும் மொழிகளில் மாட்ட வேண்டும் என்று இருக்கிறது. திருடன் ஏறி உள்ளே வர வசதியான மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்றுகூட அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் குமாஸ்தா எவனோ நன்றாக யோசித்து எழுதியிருக்கிறான்.

போக நினைக்கிறவர்களுக்கு: வைகை எக்ஸ்பிரஸில் விழுப்புரம் இறங்கி பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம். பதிவு செய்யும்போதே கீழ்க்கட்டில் என்று சொல்லி எழுதி வாங்குங்கள். ஒரு நல்ல பூட்டு, மெல்லிய போர்வை, இரவில் குளியலறை போகச் சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். கடற்கரைக்கு மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். நான் சிறுவனாக ஓடிய மணல், 1980-களின் இறுதியில் துறைமுகம் கட்டியபின் கடல் அரித்துக் கருங்கல்லாகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு போட்டபின் ஓரிடத்தில் மட்டும் மணல் திரும்பியிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பையனோடு போய் அதில் கால் புதைய நின்றுவிட்டு வந்தேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக வேண்டும், மனைவிக்குத் திதி. மூன்று லாட்ஜுக்குப் போன் செய்திருக்கிறேன். இரண்டில் இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாமவர், "எத்தனை பேர் சார்? நீங்க மட்டுமா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஓனரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை.